தொட்டால் பதில் சொல்லும் வரைபடம்: உள்ளே என்ன நடக்கிறது?

செய்தித் தளத்தில் ஒரு கோட்டு வரைபடம். அதன் மேல் மவுஸைக் கொண்டுபோனால் சின்னப் பெட்டி ஒன்று எழும்பி "1971: 4.12 கோடி" என்கிறது. கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் அடுத்த ஆண்டுக்குத் தாவுகிறது. தினமும் பார்ப்பதால் நமக்கு இது பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆனால் உலாவியின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். அதற்குத் தெரிவதெல்லாம் மவுஸ் இடது விளிம்பிலிருந்து இத்தனையாவது பிக்சலில் இருக்கிறது என்பது மட்டும்தான். 1971 என்றால் என்ன, கோடி என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. பிறகு எப்படிச் சரியான ஆண்டைச் சொல்கிறது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால், இணையத்துக்கான ஊடாடும் வரைபடங்களை நிரல் எழுதிச் செய்வதில் பாதிக்குமேல் புரிந்த மாதிரி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் "எந்த லைப்ரரி (பிறர் எழுதித் தயாராக வைத்திருக்கும் நிரல் தொகுப்பு) நல்லது?" என்றுதான் தொடங்குகிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அளவுகோல்.

தரவிலிருந்து பிக்சலுக்கு

கையில் எடுத்துச் செய்து பார்க்க ஒரு சின்னத் தரவு வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தமிழ்நாட்டின் மொத்தத்தை எடுத்துக்கொள்வோம். 1951-இல் 3.01 கோடி, 1961-இல் 3.37, 1971-இல் 4.12, 1981-இல் 4.84, 1991-இல் 5.59, 2001-இல் 6.24, 2011-இல் 7.21. ஏழே ஏழு எண்கள். 2021 கணக்கெடுப்பு கொரோனாவால் நடக்காமல் போனதால் பட்டியல் அங்கேயே நின்றுவிடுகிறது. (1951-இல் தமிழ்நாடு என்ற மாநிலமே கிடையாது, பெரிய சென்னை மாநிலம்தான் இருந்தது. 3.01 கோடி என்பது இன்றைய எல்லைக்குள் வரும் பகுதிகளுக்கான எண். இந்த மாதிரி விஷயத்தை வரைபடத்துக்கு அடியில் ஒரு வரி எழுதிவிடுவது நல்ல பழக்கம்.)

திரையில் 600 பிக்சல் அகலம், 400 பிக்சல் உயரம் நமக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1951 முதல் 2011 வரை 60 ஆண்டுகள். 600-ஐ 60-ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுக்கு 10 பிக்சல். ஆக 1951 இடது விளிம்பில், அதாவது 0-வில் வரும். 1981 சரியாக நடுவில், 300-இல் வரும். 2011 வலது விளிம்பில்.

உயரத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் ஒரு குளறுபடி இருக்கிறது. பள்ளியில் கிராஃப் தாளில் கீழ் மூலையைத்தான் பூஜ்யம் என்று வைத்தோம். உலாவியில் பூஜ்யம் மேலே இடது மூலையில் இருக்கிறது. எண் கூடக்கூடக் கீழே இறங்கும். அதனால் அளவுகோலைத் தலைகீழாக வைக்க வேண்டும். 0 கோடி என்றால் 400-ஆவது பிக்சல், 8 கோடி என்றால் 0-ஆவது பிக்சல். ஒரு கோடிக்கு 50 பிக்சல். 2011-இன் 7.21 கோடி அடித்தளத்திலிருந்து 360.5 பிக்சல் உயரத்தில் நிற்க வேண்டும். மேலிருந்து எண்ணினால் 39.5. 1951-இன் 3.01 கோடி மேலிருந்து 249.5-இல் வரும். இதை மறந்துவிட்டு வரைந்தால் தமிழ்நாட்டின் மக்கள்தொகை அறுபது ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வந்ததாக ஒரு படம் கிடைக்கும்.

அளவுகோல் என்று சொன்னது இவ்வளவுதான். ஒரு பக்கம் தரவின் எல்லை, இன்னொரு பக்கம் திரையின் எல்லை, நடுவில் ஓர் எளிய விகிதக் கணக்கு. டி3 என்ற லைப்ரரியில் முதல் எல்லைக்கு டொமைன், இரண்டாவதற்கு ரேஞ்ச் என்று பெயர். இரண்டையும் கொடுத்துவிட்டால் ஒரு ஃபங்ஷன் கிடைக்கும். அதற்குள் 1981-ஐப் போட்டால் 300 வெளியே வரும்.

அச்சு எங்கே தொடங்குகிறது என்பதும் இங்கேதான் முடிவாகிறது. டொமைனை 0–8 என்று கொடுக்காமல் 3–8 என்று கொடுத்தால் 1951-இன் புள்ளி தரையோடு ஒட்டிக்கொள்ளும். இதையே பட்டைகளாக வரைந்தால், 2011-இன் பட்டை 1951-ஐவிட நானூறு மடங்குக்கு மேல் உயரமாகத் தெரியும். உண்மையில் மக்கள்தொகை இரண்டரை மடங்குகூட ஆகவில்லை. கோட்டு வரைபடத்தில் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் விடுவதற்கு நியாயம் சொல்லலாம். பட்டையில் சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே கண் அளப்பது நீளத்தை.

பிக்சலிலிருந்து தரவுக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அளவுகோல் ஒருவழிப் பாதை இல்லை. 1981-ஐக் கொடுத்தால் 300 வரும் என்றால், 300-ஐக் கொடுத்து 1981-ஐத் திரும்ப வாங்கவும் முடியும். அதே விகிதத்தை எதிர்ப்பக்கமாகப் போட வேண்டும், அவ்வளவுதான். டி3-இல் இந்த வேலைக்கு இன்வர்ட் என்று பெயர். தரவு பிக்சலாக மாறினால் வரைபடம். பிக்சல் தரவாக மாறினால் ஊடாட்டம். ஊடாடும் வரைபடத்துக்கு உயிர் இந்த இரண்டாவது பாதையில்தான் இருக்கிறது.

ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மவுஸ் 237-ஆவது பிக்சலில் நிற்கிறது. ஓர் ஆண்டுக்கு 10 பிக்சல். ஆக 1951-லிருந்து 23.7 ஆண்டுகள் தள்ளி, அதாவது 1974.7. ஆனால் அந்த ஆண்டுக்கு நம்மிடம் எண் இல்லை. பக்கத்தில் இருப்பவை 1971-உம் 1981-உம். 1971 வெறும் 3.7 ஆண்டு தூரம், 1981 போக 6.3 ஆண்டு. கிட்டத்தில் இருப்பது 1971. பெட்டியில் "1971: 4.12 கோடி" என்று எழுதி, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். மவுஸ் 250-ஐத் தாண்டியதும் 1981 கிட்டத்தில் வந்துவிடும், பெட்டியும் தாவிவிடும். இவ்வளவும் மவுஸ் நகரும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது. ஏழு எண்களில் கிட்டத்தில் இருப்பதை எப்படித் தேடினாலும் சரி. ஏழாயிரம் எண்கள் இருந்தால் பாதி பாதியாக வெட்டித் தேட வேண்டும். அதற்கும் டி3-இல் பைசெக்ட் என்று தயாராக ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நிரல் எழுதுபவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 1974.7-இல் நிற்கும் மவுஸுக்கு, இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே கோடு போகும் உயரத்தைக் கணக்கிட்டு 4.39 கோடி என்றும் காட்டலாம். நிரலில் இரண்டு வரி கூடுதல், அவ்வளவுதான். படமும் வழவழவென்று ஓடும். நான் செய்ய மாட்டேன். அந்த எண்ணை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கணக்கெடுப்பு நடந்தது ஏழு முறை. பதிலும் ஏழில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வெப்பநிலை மாதிரி தொடர்ந்து அளக்கப்படும் தரவாக இருந்தால் கதை வேறு.

பெரிதாக்கிப் பார்ப்பது, அதாவது ஜூம், இதே அளவுகோலின் வேலைதான். வாசகர் 1981 முதல் 2011 வரை உள்ள பகுதியை இழுத்துத் தேர்ந்தெடுக்கிறார். தொடங்கிய பிக்சல் 300, முடித்த பிக்சல் 600. இரண்டையும் இன்வர்ட் செய்தால் 1981, 2011. அவற்றைப் புதிய டொமைனாகக் கொடுத்துவிட்டு மறுபடி வரைந்தால் முடிந்தது. இப்போது 600 பிக்சலில் 30 ஆண்டுகள்தான்; ஓர் ஆண்டுக்கு 20 பிக்சல்; 1991 நகர்ந்து 200-இல் போய் நிற்கும். முன்பு எழுதிய மவுஸ் நிரலை ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டாம். அது அளவுகோலைத்தான் கேட்கிறது, அளவுகோல் மாறிவிட்டது.

கைபேசியில் திறந்தால் அகலம் 300 பிக்சல்தானா? ரேஞ்சை மட்டும் மாற்றுங்கள். வாசகர் மடக்கை அளவுக்கு, அதாவது ஒவ்வொரு மடங்குக்கும் ஒரே தூரம் தரும் லாக் அளவுக்கு, மாற வேண்டுமா? அளவுகோலின் வகையை மாற்றுங்கள். ஸ்வீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006-இல் டெட் உரை மேடையில் உலக நாடுகளைக் குமிழிகளாக ஓடவிட்டுக் காட்டியது நினைவிருக்கலாம். அவருடைய கேப்மைண்டர் அமைப்பின் படங்களில் வருமான அச்சு மடக்கை அளவில் இருக்கும். 1,000 டாலரிலிருந்து 2,000-க்கு உள்ள தூரமும் 32,000-லிருந்து 64,000-க்கு உள்ள தூரமும் அதில் ஒன்றுதான். சாதாரண அச்சில் போட்டிருந்தால் ஏழை நாடுகள் எல்லாம் இடது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நெரிந்து கிடந்திருக்கும்.

யார் புதிது, யார் கிளம்புகிறார்

மறுபடி வரைய வேண்டும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைவது ஒரு வழி. சின்னப் படத்துக்கு அது போதும், தப்பே இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் பழைய படத்தில் இருந்த புள்ளி புதிய படத்தில் எங்கே போனது என்று கண் தொடர முடியாது.

கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் என்ன செய்கிறார்? புதிதாக வந்து உட்கார்ந்தவருக்கு இலை போடுகிறார்; சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு அடுத்த பதார்த்தம் வைக்கிறார்; எழுந்துபோனவரின் இலையை எடுக்கிறார். டி3-இன் மையமான யோசனை இதுதான். தரவு மாறும்போது புதிதாக வந்தவை, தங்கியவை, கிளம்பியவை என்று மூன்றாகப் பிரித்துத் தரும். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று நாம் எழுதுகிறோம். என்டர், அப்டேட், எக்ஸிட் என்று அவற்றுக்குப் பெயர்.

நம் படத்தில் 1981–2011 என்று பெரிதாக்கியதும், திரைக்குள் வரும் தரவை மட்டும் திரும்பக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1951, 1961, 1971 ஆகிய மூன்று புள்ளிகள் கிளம்ப வேண்டும். மற்ற நான்கும் புது இடத்துக்கு நகர வேண்டும். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் படிக்கட்டு. எந்த வட்டம் எந்தத் தரவுக்குச் சொந்தம் என்று சொல்லாவிட்டால் டி3 வரிசைப்படி சேர்த்துக்கொள்ளும். புதுத் தரவில் முதலாவதாக இருக்கும் 1981, திரையில் முதலாவதாக இருக்கும் 1951-இன் வட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசி மூன்று வட்டங்கள், அதாவது 1991, 2001, 2011-இன் வட்டங்கள், அழிந்துவிடும். முடிவில் நிற்கும் படம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நகர்ந்து வந்த வழி முழுப் பொய். "ஆண்டைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்" என்று ஒரு சாவியைக் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது.

நகர்வு என்றதும் ஒன்று. புள்ளி பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு மிதந்து போவதற்கு, நடுவில் உள்ள நிலைகளைக் கணக்கிட்டு நொடிக்கு 60 முறை வரைகிறார்கள். ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 17 மில்லிநொடி. அதற்குள் கணக்கு முடியாவிட்டால் படம் திக்கித் திக்கி ஓடும். ஆனால் எல்லா மாற்றத்துக்கும் இந்த மிதப்பு பொருந்தாது. இதே தரவைப் பத்தாண்டு வளர்ச்சி விகிதமாக மாற்றிக் காட்ட ஒரு பட்டன் வைக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1961-இல் 11.85 சதவீதம், 1971-இல் 22.3, அப்புறம் 17.5, 15.39, 11.72, கடைசியாக 2011-இல் 15.61. மொத்த எண்ணிக்கையின் கோடு ஒரே சீராக ஏறியது. அதில் தெரியாத இரண்டு விஷயங்கள் இதில் பளிச்சென்று தெரிகின்றன: அறுபதுகளின் எகிறல், 2001-க்குப் பிறகு மறுபடி ஏறியது. இந்தப் பட்டனுக்கு மதிப்பு உண்டு என்றால் இதனால்தான். ஆனால் கோடி அளவில் இருந்த புள்ளி சதவீத அளவுக்கு மிதந்து இறங்கினால், ஏதோ மக்கள்தொகை விழுந்தது போலத் தோன்றும். அலகு மாறும்போது பழையது மறைந்து புதியது வரட்டும். அதுதான் நேர்மை.

எதில் வரைவது

எஸ்விஜி, கேன்வாஸ் என்று உலாவியில் இரண்டு வழிகள் உண்டு. எஸ்விஜியில் ஒவ்வொரு வட்டமும் கோடும் தனித்தனி உறுப்பாக இணையப் பக்கத்துக்குள்ளேயே இருக்கும். வட்டத்தைத் தொட்டால் வட்டமே "என்னைத் தொட்டார்கள்" என்று சொல்லும். இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் கொண்டு நிறம் மாற்றலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. கேன்வாஸில் அப்படி இல்லை. பூசிய பிறகு அது வெறும் நிறப் பிக்சல். எங்கே எந்த வட்டம் இருந்தது என்ற நினைவு அதற்குக் கிடையாது. யாரைத் தொட்டார்கள் என்பதை நாமே, அளவுகோலைத் திருப்பிப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஈடாக வேகம் கிடைக்கும். சில நூறு உறுப்புகள் என்றால் யோசிக்காமல் எஸ்விஜி. பத்தாயிரக்கணக்கில் போனால் கேன்வாஸ். கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு எஸ்விஜிதான் சரி, பக்கத்தின் உறுப்புகளைக் காட்டும் உலாவியின் இன்ஸ்பெக்டர் கருவியைத் திறந்து ஒவ்வொரு வட்டத்தையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம்.

லைப்ரரி விஷயம். டி3 2011-இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் மைக் போஸ்டாக், வாடிம் ஒகியெவெட்ஸ்கி, ஜெஃப்ரி ஹீர் ஆகியோர் உருவாக்கியது. அதில் "பட்டை வரைபடம் போடு" என்று ஒரே கட்டளை கிடையாது. அளவுகோல், அச்சு, வடிவம் என்று உதிரி பாகங்களாகத்தான் இருக்கும். அதனால் முதல் வாரம் கஷ்டம். சார்ட்.ஜேஎஸ் போன்றவற்றில் தரவைக் கொடுத்தால் பெட்டியோடு கூடிய படம் உடனே வந்துவிடும். நாளைக்கே அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்றால் அதையே எடுங்கள். நடுவில் நிற்பது ஆப்சர்வபிள் பிளாட். இதுவும் போஸ்டாக் குழுவினருடையதுதான். எதை எடுத்தாலும் உள்ளே ஓடுவது மேலே சொன்ன அளவுகோல். அது தெரிந்தவருக்கு ஆவணங்களைப் படிக்கும்போதே பாதி புரிந்துவிடும்.

எப்போது வேண்டாம்

கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன் 1996-இல் ஒரு வழிமுறை சொன்னார்: முதலில் முழுக் காட்சி, அப்புறம் பெரிதாக்கலும் வடிகட்டலும், கேட்டால் மட்டும் விவரம். இன்றும் நல்ல ஊடாடும் படங்கள் இந்த வரிசையில்தான் நடக்கின்றன. எதுவும் தொடாமல் பார்த்தாலே முக்கியமான செய்தி கிடைத்துவிட வேண்டும் என்பது இதன் முதல் பாதி, பலர் கோட்டைவிடுவது அதைத்தான். நியூயார்க் டைம்ஸின் வரைகலைப் பிரிவைச் சேர்ந்த ஆர்ச்சி ட்ஸே 2016-இல் இதை இன்னும் கறாராகச் சொன்னார். பெரும்பாலான வாசகர்கள் உருட்டிக்கொண்டே போவார்கள், எதையும் அழுத்த மாட்டார்கள். மவுஸ் பட்டால் மட்டும் தெரியும் பெட்டியில் ஒன்றை வைத்தால் யாருமே பார்க்கப்போவதில்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம்.

அதே பத்திரிகை 2012 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு வெளியிட்ட ஒரு படத்தை எதிர் உதாரணமாகச் சொல்லலாம். போஸ்டாக்கும் ஷான் கார்ட்டரும் செய்தது. முடிவு தெரியாத 9 மாநிலங்கள். ஒவ்வொன்றும் ஒபாமாவுக்கோ ராம்னிக்கோ போகலாம். மொத்தம் 512 வழிகள். வாசகர் ஒரு மாநிலத்தை ஒருவருக்குக் கொடுத்ததும் வழிகள் 256 ஆகச் சுருங்கும், இன்னொன்றைக் கொடுத்தால் 128. அந்த 512-ஐயும் கட்டுரையாக எழுத முடியாது, நிலையான படமாகப் போட்டாலும் ஒருவருக்கும் மண்டையில் ஏறாது. வாசகர் தன் கேள்வியோடு வருகிறார், படம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஊடாட்டம் தேவைப்படுவது இந்த மாதிரி இடத்தில்.

நம் ஏழு எண்களுக்கு? உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு புள்ளிக்கு மேலேயும் எண்ணை எழுதிவிட்டால் போதும். கைபேசியில் மவுஸும் இல்லை, விரலை வைத்தால் புள்ளியே மறைந்துவிடும். தொடுவதற்கான இடம் குறைந்தது 44 அலகாவது இருக்கட்டும் என்று ஆப்பிள் தன் வடிவமைப்பு விதிகளில் சொல்கிறது; நாம் வரையும் வட்டமோ ஐந்தாறு பிக்சல். அதனால்தான் வட்டத்தைத் தொடச் சொல்லாமல், படத்தில் எங்கே தொட்டாலும் கிட்டத்தில் உள்ள ஆண்டைக் கண்டுபிடிக்கும் முறையை மேலே சொன்னேன். விரலுக்கும் அது ஒத்துவரும்.

செய்து பார்க்க உட்காருபவர்களுக்கு இரண்டு விஷயங்கள். எச்டிஎம்எல் கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறந்தால், பக்கத்தில் இருக்கும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்து எழுதிய தரவுக் கோப்பு) உலாவி படிக்க விடாது, பாதுகாப்புக் காரணம். கணினியிலேயே ஒரு சின்ன சர்வரை ஓட்ட வேண்டும். பைதான் இருந்தால் அதனுடன் வரும் எச்டிடிபி சர்வரே போதும், ஒரு வரிக் கட்டளை. இன்னொன்று, டி3 சிஎஸ்வியைப் படிக்கும்போது எண்களையும் எழுத்துகளாகத்தான் தரும். எழுத்தாகப் பார்த்தால் 9 என்பது 10-ஐவிடப் பெரியது. அளவுகோலின் உச்சம் விசித்திரமாக வந்து, பாதிப் புள்ளிகள் படத்துக்கு வெளியே போய் நின்றால், முதலில் அதைப் பாருங்கள். எண்ணாக மாற்றும் ஒரு வரி விட்டுப்போயிருக்கும்.